“விளங்கிச்சா?” என்று கேட்க வேண்டாம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மூதூர் மருந்தகத்தில் கருமபீடப் பொறுப்பை எடுத்திருக்கிறீர், புதுப் பிள்ளைகளையும் நீரே பழக்கப் போகிறீர் என்று அறிந்து மிகவும் சந்தோஷம். இங்கே மாரி பிடித்துவிட்டது. உப்புவெளிப் பக்கம் வள்ளங்களைக் கரைக்கு ஏற்றிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சுகம்.

நீர் அனுப்பிய பயிற்சிக் குறிப்பில் முதல் பக்கத்தையே வெட்டிவிடும். “பேச்சில் சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55” என்ற கணக்கு உளவியலாளர் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொல்லொன்றைச் சொல்லும் ஒருவருக்கு விருப்பமா வெறுப்பா என்பதை எதை வைத்து ஊகிக்கிறோம் என்றுதான் அங்கே பார்த்தார்கள். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். “எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா” என்பதை எந்த முகபாவத்தால் சொல்வது? மருந்துக் கடையில் சொல்தான் பாரத்தைச் சுமக்கிறது.

அடுத்த பக்கத்தில், ஒரு செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று கணிதவியலாளர் ஷனன் போட்ட படம் இருக்கட்டும். 1948இல் வந்தது: செய்தி பிறக்கும் இடம், அனுப்பும் கருவி, வழி, வாங்கும் கருவி, போய்ச் சேரும் இடம், வழியில் இரைச்சல். ஆனால் அது தந்தி, தொலைபேசிக்காகப் போட்ட கணக்கு. பொருள் என்னவென்பது தமது கணக்கில் சேராது என்று ஷனன் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். உமது கருமபீடத்தில் பிழைப்பதோ அந்தப் பொருள்தான்.

“கரண்டி” என்ற சொல்லையே பாரும். பிள்ளைகளுக்கான பரசிற்றமோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். நீர் நினைப்பது 5 மில்லிலீற்றர் தேக்கரண்டி. தாயின் குசினியில் கைக்கு அகப்படுவது 15 மில்லிலீற்றர் மேசைக்கரண்டியாக இருந்தால் பிள்ளைக்கு மூன்று மடங்கு போகும். சொன்னவரும் கேட்டவரும் ஒரே சொல்லைத்தான் பாவித்தார்கள், ஒருவர் காதிலும் பிழையில்லை. அளவு மூடியைக் கையில் எடுத்து, 5 என்ற கோட்டில் நகத்தை வைத்துக் காட்டச் சொல்லும்.

“இரவுக்கு ஒண்டு” என்பதும் அப்படித்தான். தும்மலுக்குக் கொடுக்கும் பிரிட்டோன் நித்திரையைக் கொண்டுவரும். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர் அதைப் போட்டால் வள்ளத்தில் கண்ணயர்ந்துவிடுவார். ஆகவே நேரத்தைச் சொல்லுமுன் “நீங்கள் படுக்கிறது எத்தனை மணிக்கு?” என்று கேட்க வேண்டும். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது எது என்பதை அறியாமல் வாயைத் திறந்தால், மீதியை ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொள்வார்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். “விளங்கிச்சா?” என்ற கேள்வியைக் கடையிலிருந்தே எடுத்துவிடும். அதற்கு வரும் பதில் எப்போதும் “ஓம்” தான். பின்னால் வரிசை நிற்கிறது, வெட்கம் இருக்கிறது, வெள்ளைச் சட்டைக்கு மரியாதை இருக்கிறது. அதற்குப் பதிலாக: “நான் சரியாச் சொன்னனோ எண்டு பாக்கத்தான் கேக்கிறன். வீட்டை போய் அம்மாவுக்கு இதை எப்படிக் குடுப்பீங்கள், ஒருக்காச் சொல்லுங்கோ.” பாரம் சொன்னவரின் தலையில் இருப்பதால் கேட்பவர் கூச மாட்டார். பிழையாகத் திருப்பிச் சொன்னால் அதே வசனத்தை உரத்துச் சொல்லக் கூடாது. வேறு சொற்களில் சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். மூன்று மருந்து என்றால் ஒவ்வொன்றாக. அளவு, நேரம், எத்தனை நாள் என்று ஒன்பது விசயங்களை ஒரே மூச்சில் கொட்டினால் பாதிகூட நிற்காது.

கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் பழக்கும். பத்து மொழிகளை வைத்துச் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே சராசரியாகச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி இருந்தது. ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவர அதைப்போல் மூன்று மடங்கு நேரம் தேவை. அதாவது நாம் முடிக்குமுன்னே எதிரே நிற்பவர் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார். அதனால்தான் வசனத்தின் வாலில் ஒட்டிய “ஆனால் வெறுவயிற்றில வேண்டாம்” தவறிப்போகிறது என்பது என் எண்ணம். அதை முதலில் வைக்கச் சொல்லும். மறுபக்கம், யோசித்துச் சொல்ல வேண்டியவருக்கு அந்த நொடி போதாது. ஐந்து வரை மனதில் எண்ணச் சொல்லும். புதுப் பிள்ளைகள் இரண்டு எண்ணுமுன் தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள்.

தொலைபேசியில் வரும் மருந்துக் கட்டளைகளில் இன்னும் கவனம் வேண்டும். பழைய இணைப்புகள் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தும். எஸ், எஃப் இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே. ஒன்பதும் எண்பதும் இரைச்சலில் ஒன்றாகும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அமைதியான அறையிலேயே குழம்பும். இலக்கம் இலக்கமாகச் சொல்லி (“ஒன்று, ஐந்து: பதினைந்து”), எழுதியதை வாசித்துக் காட்டி, மறுமுனையில் இருப்பவர் “சரி” என்ற பிறகே தொலைபேசியை வைக்க வேண்டும்.

சிங்களம் மட்டும் தெரிந்தவர் வந்தால் கூட வந்த சிறு பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேயும். மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வசனம் மட்டும், அதுவும் நோயாளியின் முகத்தைப் பார்த்து.

நீங்கள் உறைகளில் ஒட்டும் சீட்டில் ஒன்றை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பும். “நாளுக்கு 3” என்று இருந்தால் “காலை 6, பகல் 2, இரவு 10” என்று மாற்றி எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்