கல்லறை எழுத்துகளைக் காப்போம்

ஐயா,

கொடைக்கானலின் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சீரமைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி கண்டேன். மலையின் பங்களாக்களைப் போற்றும் நாம், அவை எழுந்த காரணத்தை மறக்கிறோம். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பின்தான் அமெரிக்க மதுரை மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு 1845-இல் அங்கே முதல் இரு வீடுகளைக் கட்டியது. பிள்ளைகளைப் படிப்புக்காகக் கடல்கடந்து அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த மிஷனரிப் பெற்றோருக்கு, 1901-இல் கொடைக்கானலிலேயே தொடங்கிய ஹைகிளர்க் பள்ளி பெரும் ஆறுதலாயிற்று. அவர்களது விசுவாசத்தின் விலையைச் சொல்பவை, பெற்றோர் கல்லறைக் கல்லருகே நிற்கும் பிள்ளைகளின் சின்னஞ்சிறு கற்கள்தாம்.

சுண்ணாம்பு அடித்தால் எழுத்துப் பள்ளங்கள் தூர்ந்துவிடும். அமிலம் பளிங்கை அரித்துவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையுமே போதும். காலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெளியும். அவற்றைத் திருச்சபையின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பட்டியலிட்ட பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும்.

– வாசகர், வத்தலக்குண்டு