வத்தல் காய ஒரு கூரை: ஊர்ப் பொதுக் களத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் களக் குழுவின் வணக்கம்.

போன பங்குனியில் பெய்த இரண்டு நாள் மழையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது பறிப்பு மிளகாய்ப் பழம் கண்மாய்க் கரையிலும் தார்ச்சாலை ஓரத்திலும் ஆறு நாள் காய்ந்து கிடந்தது. இன்னும் நான்கைந்து வெயில் பட்டிருந்தால் சாக்கில் அள்ளியிருக்கலாம். மேகம் கறுத்ததும் ஆளுக்கொரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மழை உள்ளே இறங்கவில்லைதான். ஆனால் பாதி காய்ந்த பழம் மூட்டத்துக்குள் புழுங்கிப் போனது. திறந்து பார்த்தபோது காம்படியில் பூஞ்சை, தோலில் வெள்ளை. பொறுக்கிப் பிரித்து மண்டிக்குக் கொண்டுபோனால், நல்ல வத்தலுக்குக் கிடைத்ததில் பாதிகூட அதற்குத் தரவில்லை. உழுது, விதைத்து, களையெடுத்து, பறிக்கக் கூலி கொடுத்து, எல்லாச் செலவும் முடிந்த பிறகு வருகிற நட்டம் இது. விளைச்சல் பொய்த்தால் வானத்தைத் திட்டிவிட்டுப் போகலாம். வீட்டு வாசல் வரை வந்த விளைச்சலைக் காயவைக்க இடமில்லாமல் இழப்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இராமநாதபுரம் என்ற பெயரோடு உலகமெங்கும் விற்கலாம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பெயர் வந்தது, களம் வரவில்லை. முண்டு உருண்டையான, தோல் தடித்த பழம், நீளமான சம்பா மிளகாயைப் போலச் சீக்கிரம் காயாது. பறித்த பழத்தில் முக்கால் பங்கு ஈரம். அதைப் பத்து, பதினொரு விழுக்காட்டுக்குக் கொண்டுவர, நல்ல வெயிலிலேயே பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், அதுதான் நம் கணக்கு. அந்தச் சத்தம் வரும் வரைக்கும் பழம் வெட்டவெளியில் கிடக்கிறது. ஆடு, நாய், மயில், லாரிப் புழுதி எல்லாம் அதன் மேலேதான். போதாக்குறைக்கு இருசக்கர வண்டியில் வருகிறவர்கள் சாலையில் பரப்பிய பழத்தில் சறுக்கி விழுகிறார்கள். அவர்கள் ஏசுவதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு சங்கதி கண்ணுக்குத் தெரியாதது. ஈரம் நின்ற வத்தலில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. வறுத்தாலும் அரைத்தாலும் அது போவதில்லை. ஐரோப்பிய நாடுகள் ஒரு கிலோ வத்தலில் மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் சரக்கை ஏற்பதில்லை. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். நம் சாலையோரச் சரக்கு அந்தச் சோதனைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறோம். வெளிநாட்டை விடுங்கள், அந்த வத்தலில்தான் நம் வீட்டுக் குழம்பும் கொதிக்கிறது.

இனி, என்ன கட்டப் போகிறோம் என்பது. மேற்குத் தெருக் குடும்பம் ஒன்று 20 செண்ட் பட்டா நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்குப் பதிந்து தந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அந்த இடத்தில் 3,000 சதுர அடிக்கு சிமென்ட் களம், 1,000 சதுர அடிக்கு பாலிகார்பனேட் தகடு போர்த்திய சூரிய ஒளி உலர்த்திக் கூடாரம், சாக்கு தரையில் படாமல் மரப்பலகை போட்ட ஒரு இருப்பு அறை. கூடாரத்துக்குள் வெயில் வரும், மழையும் புழுதியும் வராது. உள்ளே சூடு 55 டிகிரி வரை ஏறும். ஈரக் காற்றை வெளியே தள்ள, கூரையிலேயே சூரியத் தகட்டில் ஓடும் விசிறிகள். 60 டிகிரியைத் தாண்டினால் பழம் கறுத்து நிறம் போய்விடும் என்பதால் வெப்பமானி பார்த்துத் திறப்பு விட ஒரு ஆள் வேண்டும். பத்து நாள் காய்வது நான்கைந்து நாளில் முடியும். தொடர்ந்து மூட்டமாக இருக்கும் நாளைக்கு ஒரு விறகு அடுப்பும் இணைக்கச் சொல்லியிருக்கிறோம். கருவேல விறகுக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது?

கூடாரத்தில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு டன் பழம்தான் போடலாம். ஊர்ப் பழம் முழுவதற்கும் அது போதாது, இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. களத்தில் பாதி காயவைத்து, கடைசிக் காய்ச்சலுக்குக் கூடாரத்துக்குள் ஏற்றுவது என்று முறை வைத்திருக்கிறோம். யாருக்கு எந்த நாள் என்பது சாவடியில் குலுக்கல் போட்டு முடிவாகும். மழை வந்துவிட்டால் மட்டும் குலுக்கல் கிடையாது, களத்தில் கிடக்கும் பழம்தான் முதலில் உள்ளே போகும்.

“இதற்கெல்லாம் கவர்ன்மென்ட் பணம் தருதே, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?” என்று போன மாதம் ஒரு தம்பி துபாயிலிருந்து குரல் அனுப்பியிருந்தார். நியாயமான கேள்வி. விளக்கமாகவே பதில் சொல்கிறோம்.

அரசு தருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டோம். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது இருபது பேராக ஐந்து ஆர்வலர் குழு சேர்த்து, நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு ஆனபோது 5 லட்சம் ரூபாய் வந்தது. அதில் வாங்கிய சுழல் கலப்பையும் பவர் டில்லரும் இன்றைக்கும் ஓடுகின்றன. சிவகங்கையில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் தொழிற்பூங்கா இருக்கிறது. அங்கே இருப்பவை பெரிய ஆலைகளுக்கான வசதிகள். இரண்டு மூட்டைப் பழத்தோடு போய் நிற்கும் ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு அது எட்டாது. நமக்குப் பொருந்துவது 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம். பொது வசதிக்குச் செலவில் 35 விழுக்காடு மானியம். ஆனால் கையில் 10 விழுக்காடாவது முதலில் காட்ட வேண்டும், மீதிக்கு வங்கிக் கடன் எடுத்தே ஆக வேண்டும். மானியம் நம் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் கிடக்கும். மூன்று வருடம் தவணை தவறாமல் கட்டி, கூடமும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள். அலுவலகங்களில் இதற்குப் பின்னேற்பு மானியம் என்று பெயர். திட்டம் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. முன்பணமாகக் கொடுத்திருந்தால் ஊருக்கு ஊர் பாதிக் கூடம் கட்டி நின்றிருக்கும். ஆனால் முன்னே போட வேண்டிய பணம் இல்லாதவருக்கு, பின்னே வரும் பணம் படத்தில் பார்க்கும் விருந்துதான்.

புறம்போக்கில் கட்டிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தோம். பட்டா இல்லாத இடத்துக்குக் கடனும் இல்லை, மானியமும் இல்லை என்று தெரிய நான்கு மாதம் ஆனது. சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், மூன்று இடத்தில் மதிப்பீடு என்று அலைந்ததில் குழுவில் இருக்கும் இரண்டு பேருக்கு இ-சேவை மையத்திலேயே வேலை போட்டுக் கொடுத்துவிடலாம். இப்போது தாள்கள் எல்லாம் தயார். நாம் பங்கு போட்டிருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பம் போகிறது.

கணக்கு இது. மொத்த மதிப்பீடு 16 லட்சம். கூடாரத்துக்கு 8, இருப்பு அறைக்கு 4, களத்துக்கு 3, எடைக் கருவி, ஈரமானி, தட்டுகள், மின் இணைப்புக்கு 1. மானியமாகக் கணக்கில் நிற்பது 5 லட்சத்து 60 ஆயிரம். 10 விழுக்காடு மட்டும் போட்டால் 14 லட்சத்து 40 ஆயிரம் கடன் ஆகும். அந்தத் தவணையை வானம் பார்த்த பூமி தாங்காது. அதனால் நம் கையிலிருந்து 6 லட்சம் போட்டு, 10 லட்சத்தோடு கடனை நிறுத்த முடிவு செய்தோம். மானியம் கழிந்தால் நாம் அடைக்க வேண்டியது 4 லட்சத்து 40 ஆயிரமும் வட்டியும். வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 3 விழுக்காடு வட்டிச் சலுகைக்கும் சேர்த்தே எழுதுகிறோம். பழம் கிலோவுக்கு 4 ரூபாய் வாடகை. பருவத்தில் 25 தடவை கூடாரம் நிறைந்தால் ஒரு லட்சம் வரும். தவணை அதில் போகும்.

6 லட்சத்தில் 92 குடும்பங்கள் தலைக்கு 2,500 போட்டு 2 லட்சத்து 30 ஆயிரம் சேர்த்துவிட்டோம். சிலர் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டியதும் எங்களுக்குத் தெரியும். மீதி 3 லட்சத்து 70 ஆயிரத்துக்குத்தான் இந்த வேண்டுகோள். கும்பாபிஷேகத்துக்குக் கேட்டபோது ஒரே வாரத்தில் சேர்ந்தது. களத்துக்கு அவ்வளவு வேகம் இருக்காது என்று தெரிந்தேதான் கேட்கிறோம்.

தொகை உங்கள் விருப்பம். 1,000 ரூபாய் ஒரு காயும் தட்டுக்கு ஆகும். நிலமில்லாத, பழம் பறிக்கும் கூலிக்குப் போகும் வீடுகளில் யாரும் பணம் கேட்கக் கூடாது என்று கூட்டத்தில் தீர்மானம் ஆகியிருக்கிறது. கூலிக்குப் பதில் பழமாக வாங்குகிறவர்கள் கூடாரத்தை வாடகை இல்லாமல் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா என்று அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்ட உறவுகள் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம். அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின்படி அதைப் பெற எங்களுக்கு அனுமதி இல்லை. மனம் கோணாதீர்கள். தை முடிந்து வத்தல் வந்ததும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே பெரிய உதவி. வருமான வரிச் சலுகைக்கான ரசீதும் எங்களால் தர இயலாது.

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், குழுவில் இருப்பவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கணக்கு எண் சாவடிப் பலகையிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதே பலகையில் ஒட்டப்படும். வங்கிக் கடன் கிடைக்காமல் வேலை நின்றுபோனால், வந்த பணம் வந்த கணக்குக்கே திரும்பும்.

புரட்டாசி முடிவதற்குள் தொகை சேர்ந்துவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காங்கிரீட் போட முடியாது. தை கடைசியில் முதல் பறிப்பு வந்துவிடும்.

இப்படிக்கு,
பொதுக் களம் மற்றும் உலர்த்திக் கூடம் அமைக்கும் குழு