கல்லூரி திறந்தாச்சு, முதலாமாண்டுப் பிள்ளைகளைத் தேடுவோம்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

விடுதியில் பெட்டியை இறக்கும் இந்த முதல் இரண்டு வாரம்தான் நம் யூ.இ.எஸ்.ஐ. (இந்தியக் கல்லூரி மாணவர்களிடையே ஊழியம் செய்யும் கிறிஸ்தவ மாணவர் இயக்கம்) குழுக்களுக்கு முக்கியம், ஏனென்றால் ஊர்ச் சபையை விட்டு வந்த பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்றே தெரியாது, அறையிலேயே படுத்துக்கிடக்கும். மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர், என்ன டிபார்ட்மெண்ட் என்று பேசுங்கள். முதல் நாளே சுவிசேஷக் கைப்பிரதியை நீட்ட வேண்டாம்.

1947-ல் பத்து நாட்டு மாணவர் இயக்கங்கள் சேர்ந்து ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலகக் கிறிஸ்தவ மாணவர் கூட்டமைப்பைத் தொடங்கின, இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அதில் அங்கமான நம் யூ.இ.எஸ்.ஐ. 1954-ல் வந்தது. பி. டி. சாண்டப்பிள்ளை பொதுச் செயலாளராக இருந்த காலத்திலிருந்தே மாணவர்களுக்கு மாணவர்களே ஊழியம் செய்வதுதான் இதன் பலம். இயக்கத்தின் ஊழியர்கள் துணைக்கு நிற்பார்கள், அவ்வளவுதான். அதனால் வளர்ச்சி என்றால் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது மட்டும் இல்லை. ஒரு அறையில் நாலு பேர் மாற்கு சுவிசேஷத்தைத் திறந்துவைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டுப் படித்து, அதில் ஒருவன் அடுத்த வருஷம் தானே ஒரு குழுவை நடத்துகிறான் பாருங்கள், அதைத்தான் நான் வளர்ச்சி என்பேன்.

அப்புறம், இறுதியாண்டு தம்பிமாரே, பொறுப்பை இப்போதே இரண்டாமாண்டுக்காரர்களிடம் கொடுத்துப் பழக்குங்கள். மார்ச்சில் அவசரமாகக் கொடுத்தால் குழு அப்படியே நின்றுவிடும்.

படிப்பு முடித்து வேலையில் இருப்பவர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டைத் திறந்துகொடுக்க முடிந்தால் இங்கேயே சொல்லுங்கள். டீயும் சுண்டலும் போதும்.