மலையில் கரண்ட் போனால் செல்போன் டார்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலக் குறிப்பு என்று தங்கள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. செல்போன் டார்ச்சைப் போட்டு அதன்மேல் தண்ணீர் பாட்டிலை நிறுத்தினால் அறை முழுக்க வெளிச்சம் பரவுமாம். பரவும், சரிதான். ஆனால் அதை எழுதியவர் சமவெளிக்காரராகத்தான் இருக்க வேண்டும். கோத்தகிரியில் இருக்கும் எங்களுக்கு அந்த யோசனை இடிக்கிறது.

அந்த மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலுக்கே நீலகிரியில் தடை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியைத் தாண்டி வராது. அதை விடுங்கள், கண்ணாடி டம்ளர் போதும். பெரிய சிக்கல் செல்போன்தான். இங்கே காற்றடித்தால் சில்வர் ஓக்கோ கற்பூர மரமோ லைன் மேல் சாயும். மின்வாரிய ஆட்கள் மஞ்சுக்குள் நடந்து, எங்கே அறுந்தது என்று தேடி, மரத்தை அறுத்து, கம்பத்தை நிமிர்த்தி முடிக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒரு மழையில் யார்தான் என்ன செய்ய முடியும்? (1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மாவட்டத்தில் இந்த இருட்டு என்பது தனி வயிற்றெரிச்சல்.) கரண்ட் வெகுநேரம் வராவிட்டால் டவரும் படுத்துவிடும். சிக்னலைத் தேடித் தேடியே போனில் சார்ஜ் இறங்கும். மிச்சம் இருப்பது 108-ஐக் கூப்பிடுவதற்கு. அதை டார்ச்சுக்கா செலவழிப்பது?

நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பேட்டரிக் கட்டை போடும் பழைய டார்ச் ஒன்று இருந்தால் போதும் என்பது என் கட்சி. டார்ச்சை ஒரு சொம்புக்குள் நிமிர்த்தி வைத்து, சொம்பின் வாயில் கண்ணாடி டம்ளரை உட்கார வையுங்கள். டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர். அதில் பால் நாலே சொட்டு விட்டுக் கலக்குங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் நேராகக் கூரைக்குப் போய்விடும். பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகள் அதைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். டம்ளர் முழுக்க வெள்ளையாக ஒளிரும். பால் கூடினால் வெளிச்சம் உள்ளேயே அடைபடும், அதனால் கை தாராளம் வேண்டாம். பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கம் வீணாகும் ஒளியும் நம் பக்கம் திரும்பும். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத அது போதும்.

டார்ச்சுக்குக் கட்டை இல்லையா? டிவி ரிமோட்டைத் திறந்து பாருங்கள். ரிமோட்டில் இருக்கும் சின்னக் கட்டைக்கும் பென் டார்ச்சில் போடும் அடுத்த அளவுக் கட்டைக்கும் ஒரே 1.5 வோல்ட்தான். சின்னதில் நீளம் 6 மில்லிமீட்டர் குறையும். ஊட்டி சாக்லேட் சுற்றி வரும் சில்வர் பேப்பரை இறுக்கி உருட்டி அந்த இடைவெளியில் திணித்தால் டார்ச் எரியும். பேப்பர் அசல் அலுமினியமாக இருக்க வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் மின்சாரம் ஓடாது. சின்னக் கட்டையில் சரக்கு குறைவு என்பதால் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

அப்புறம் எண்ணெய் விளக்கு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் இங்கே முக்கால்வாசி நாள் பாட்டிலில் கட்டிதான். திரி அதில் என்னத்தை உறிஞ்சும்? நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் இந்தக் குளிருக்குத் தாங்கும். மண்ணெண்ணெயை மட்டும் இப்படிக் கைக்குக் கிடைத்த கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். 40 டிகிரி சூட்டிலேயே அதன் ஆவி தீப்பற்றும். சமையல் எண்ணெய்க்கு 300 டிகிரி பக்கம் போக வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கம்பளி, பலகை, துணிக்கொடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். விளக்கு சாய்ந்தால் அந்த வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

எண்ணெய் விளக்கைத் திண்ணையிலும் வைக்காதீர்கள். கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கக் கரடி கதவை உடைத்த செய்தியைத் தாங்களே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! எண்ணெய் பாட்டிலுக்கும் இடம் உள்ளேதான்.

விடுதிக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை என்று வெளியே மூட்டிய கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இன்னொரு கம்பளி கேளுங்கள், கரி வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை ஆகும் ஊர்களின் பட்டியல் போடுகிறீர்களே, நீலகிரிப் பதிப்பில் அதன் கீழே நாலு வரி சேர்த்துப் போடுங்கள்: டார்ச் எரிகிறதா, கட்டை பொங்கியிருக்கிறதா, தீப்பெட்டி நமுத்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்து வைக்கச் சொல்லி. நமுத்த தீப்பெட்டி இல்லாத வீடு ஜூலை மாதத்தில் இங்கே கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
கோத்தகிரி.