கப்பலைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடாதீர்கள்

ஐரோப்பிய மாகாண அரசுகளின் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2007-இல் இத்தாலியின் டஸ்கனி, ஸ்பெயினின் கேட்டலோனியா, பிரான்சின் புரோவான்ஸ் மாகாணங்கள் முன்கை எடுத்துத் தொடங்கிய ‘நெக்ஸ்டூர்’ என்ற ஐரோப்பிய மாகாணங்களின் சுற்றுலா வலையமைப்பு, சுற்றுலாவில் போட்டித்திறனும் வேண்டும், இயற்கையும் கெடக்கூடாது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டி யாரோடு? பெரும்பாலும் பக்கத்து மாகாணத்தோடுதானே?

வெனிஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். 25,000 டன்னுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் நகரின் நடுவிலுள்ள சான் மார்கோ பக்கம் வரக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் இத்தாலிய அரசு தடை போட்டது. தேவாலயக் கோபுரங்களை மறைத்தபடி ஊர்ந்துகொண்டிருந்த ராட்சதக் கப்பல்கள் கண்ணை விட்டு மறைந்தன. வரவேற்கவேண்டிய முடிவுதான். ஆனால் பயணமா நின்றது? சில கப்பல்கள் அருகிலிருக்கும் மார்கேரா தொழில்துறைமுகத்துக்குப் போயின; சில திரியெஸ்தேவுக்கும் ரவென்னாவுக்கும் போயின. திரியெஸ்தேவும் ரவென்னாவும் இருப்பது வேறு வேறு மாகாணங்களில். அங்கே இறங்கும் பயணிகளில் பலர் பேருந்தேறி வெனிஸுக்கே வருகிறார்கள். புகை ஓர் ஊருக்கு, நெரிசல் இன்னோர் ஊருக்கு.

வரியிலும் இதே சிக்கல். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2002-இல், தங்கும் பயணிகளுக்குச் சுற்றுச்சூழல் வரி கொண்டுவந்தன. வாடிக்கை வேறு கடற்கரைக்குப் போய்விடும் என்று ஓட்டல்காரர்கள் கொதித்தார்கள். ஆட்சி மாறியது, 2003-இல் வரியும் போயிற்று. திரும்பி வர 2016 ஆனது. ஓட்டல்காரர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தனியாக வரி போடுகிறவனுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

சேர்ந்து செய்யமுடியாதது அல்ல இது. வட கடலோரத்திலுள்ள வாடன் கடலில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் 1978 முதல் ஒத்துழைக்கின்றன. அங்கே சீல்களைக்கூட விமானத்திலிருந்து ஒருங்கிணைந்துதான் எண்ணுகிறார்கள். சீல்களைச் சேர்ந்து எண்ண முடிகிறவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளைச் சேர்ந்து எண்ணுவதில் என்ன தடை?

ஆகவே கேட்கிறேன். ஒரே கடலைப் பகிரும் மாகாணங்கள் குறைந்தபட்ச வரி ஒன்றை ஒன்றாக அறிவியுங்கள். அதற்குக் கீழே யாரும் இறங்கவேண்டாம். கப்பல் வரம்பைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் தனியாக வைக்காமல் கடற்கரை முழுமைக்குமாக வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று பெருமையடிக்கும் ஆண்டறிக்கையில், கோடையில் அவர்களுக்காகச் செலவான தண்ணீரையும் உள்ளூர்க்காரர்களின் வீட்டு வாடகை ஏற்றத்தையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பக்கத்து மாகாணம் திருப்பியனுப்பிய கப்பலுக்குச் சலுகை காட்டி அழைப்பதை இந்தப் பருவத்திலிருந்தே நிறுத்துங்கள். அதற்கு எந்தக் கூட்டமும் ஆய்வும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு பயணி