வெளிச்சுவருக்குச் சாயம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய, சாயம் பூசும் நிறுவனங்களின் மூன்று விலைக்குறிப்புகளையும் நானும் அம்மாவும் நிதானமாகப் படித்தோம். பொங்கலுக்குள் நம் சிங்கப்பூர் வீட்டின் வெளிப்புறம் புதுச் சாயத்துடன் இருக்க வேண்டும் என்று நீ நினைத்ததும், செலவை நீயே ஏற்பதாகச் சொன்னதும் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால், நீ தேர்ந்தெடுத்திருக்கும் மிகக் குறைந்த விலை நிறுவனத்திடம் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அவர்களுடைய குறிப்பில் ‘வெளிச்சுவர் முழுவதும் இரண்டு பூச்சு’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. சுவரைத் தயார் செய்வது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் வீட்டின் பக்கச் சுவரில் பாசி கறுத்துப் படர்ந்திருப்பதும், சமையலறைக்கு வெளியே உப்புப் பூத்துப் பழைய சாயம் உரிவதும் உனக்குத் தெரியும். பாசியை உயர் அழுத்த நீரால் கழுவி, பாசிக்கொல்லி மருந்து தடவி, சுவரை நன்றாகக் காயவிட்டு, உரியும் சாயத்தைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, சீலர் எனும் அடிப்பூச்சைப் பூசிய பிறகே மேற்பூச்சுக்குப் போக வேண்டும். உப்புப் பூக்கும் இடத்திலோ, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாத வரை எவ்வளவு விலை உயர்ந்த சாயமும் கொப்பளித்து உரிந்துவிடும். சிமெண்ட் வைத்துப் புதிதாகப் பூசும் இடங்களைச் சுமார் நான்கு வாரம் ஆறவிட வேண்டும், ஏனெனில் புதுச் சிமெண்டின் காரம் சாயத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது நிறுவனத்தின் மேற்பார்வையாளர் நேரில் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரப்பத மானியை வைத்து அளந்து, மழைநீர்க் குழாயின் இணைப்பு ஒழுகுவதையும் காட்டினார். சாயத்தின் வகை, பூச்சுகளின் எண்ணிக்கை, உத்தரவாதக் காலம் அனைத்தும் அவருடைய குறிப்பில் எழுத்தில் உள்ளன. வீடு பழையது, அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், ஈரப்படுத்தித்தான் தேய்ப்போம் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அது எனக்குப் பெரிய நிம்மதி.

அவர் விலை கூடுவதற்கு முக்கியக் காரணம் சாரக்கட்டு. மூன்றாவது நிறுவனம் ஏணியிலேயே முடித்துவிடுவோம் என்கிறது. மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வழங்கிப் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. நம் வீட்டுச் சுவரில் ஏறப்போகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் பிழைக்க வந்த இளைஞர்களும் இருப்பார்கள். அவர்களுடைய உயிரைப் பணயம் வைத்துச் சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. உனக்கும் ஒப்பாது என்று அறிவேன்.

வேலையைத் தொடங்கும் நாள் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும். ஈரச் சுவரில் பூசினால் போட்ட பணம் வீண். சீனப் புத்தாண்டுக்கு முன்பு எல்லாருக்கும் அவசரம், ஊழியர்களும் கிடைக்கமாட்டார்கள். ஆகவே பொங்கலை விட்டுவிட்டு, சீனப் புத்தாண்டு கழிந்த பிறகு தொடங்குவோம்.

இரண்டாவது நிறுவனத்திடமே வேலையைக் கொடுப்போம். முன்பணம் குறைவாகவும், மீதி வேலையின் கட்டங்களுக்கு ஏற்பவும், கடைசித் தவணை நான் சுற்றிப் பார்த்துக் குறைகளைச் சரிசெய்த பின்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். விலையுடன் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பதிவு பெற்ற நிறுவனம்தானா என்பதையும் சரிபார்த்துவிடு, பதிவில்லாதவர்கள் அந்த வரியை வசூலிக்க முடியாது.

நீ கேட்ட அடர் சாம்பல் நிறம் மேற்குச் சுவரில் வெயிலை அதிகம் உள்வாங்கி அறையைச் சூடாக்கும், சீக்கிரம் வெளுத்தும் போகும். வெளிர் சாம்பலையும் அம்மா விரும்பும் இளமஞ்சளையும் அந்தச் சுவரிலேயே மாதிரிக்குப் பூசச் சொல்லி, காலையிலும் மாலையிலும் படம் எடுத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டு உன் முடிவைச் சொல்.

அன்புடன்,
அப்பா