முதலில் முள்ளைத் தேடு

அன்பு மகளுக்கு,

சைக்கிள் வேலையை நீயே கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். அதற்காகப் பெட்டி நிறைய சாமான் வாங்கிவிடாதே. டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, பம்பு, பஞ்சர் சாமான் (ஒட்டு, சொல்யூஷன் என்கிற பசை, உப்புத்தாள்), உன் சைக்கிள் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், செயின் எண்ணெய், பழைய துணி. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

பஞ்சரில் ஆரம்பி. டியூபை உருவுவதற்கு முன், காற்றடிக்கும் மவுத் இருக்கும் இடத்தில் டயர் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும். ஓட்டை மவுத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரிலும் அதே தூரத்தில் தேடு. முள்ளோ கண்ணாடிச் சில்லோ அங்கேதான் இருக்கும். விரலை விட்டுத் தடவாதே, கீறிவிடும். துணியால் தடவு, நூல் மாட்டிக்கொள்ளும். முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடியும் காற்று இறங்கிவிடும்.

ஓட்டை இருக்கும் இடத்தையும் கவனி மா. வெளிப்பக்கம் என்றால் சாலையில் ஏதோ குத்தியிருக்கிறது. ரிம் பக்கம் என்றால் ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் ரிம் டேப் விலகி, சக்கரக் கம்பியின் நுனி துருத்திக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால், காற்று குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இடித்து டியூப் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

ஒட்டும்போது மட்டும் அவசரமே கூடாது. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு, ஒட்டுத் துண்டை விடக் கொஞ்சம் அகலமாக சொல்யூஷனை மெல்லிசாகத் தடவு. பளபளப்பு போய், ஈரம் காயும்வரை ஐந்து நிமிடமாவது பொறு. ஈரத்தோடு ஒட்டினால் சீக்கிரமே ஓரம் கிளம்பிவிடும்.

செயின் துள்ளினால் எல்லோரும் எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். நீ ஸ்கேலை எடு. செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் அரை அங்குலம். ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதற்கு அடுத்து வரும் 24-ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்று. 1/8 அங்குலம் என்றால் பின்சக்கரத்துப் பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் அதுவும் துள்ளும். எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு போதும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடு. வழிந்த எண்ணெயில் மண் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி செயினையே அரித்துவிடும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்று: இடது பெடலுக்கு மரை தலைகீழ். அதைக் கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும்.

பிரேக்கில் மட்டும் குத்துமதிப்பு வேண்டாம் கண்ணே. பிரேக் கட்டை முழுசாக ரிம் மேல் உட்கார வேண்டும். டயரில் உரசினால் டயரை அறுத்துவிடும். கேபிளில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடு. வேலை முடிந்ததும் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பார், சக்கர நட்டு இறுகியிருக்கிறதா என்று பார், அப்புறம் ஏறு. ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ விரிசல் தெரிந்தால் நீ கையே வைக்காதே, ஓட்டவும் ஓட்டாதே, தெரிந்தவரிடம் காட்டு.

கோணிய சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பொறுமையும் நல்ல கண்ணும் வேண்டும், இரண்டும் உனக்கு உண்டு. இந்த வாரம் செயினை அளந்து, எவ்வளவு காட்டுகிறது என்று எழுது. மாற்ற வேண்டுமா இல்லையா என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அம்மா